பயணப்பெட்டியில் வரும் பூச்சு மருந்து

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை என்று போய்த் திரும்பும் எம்மவர் பெட்டிகளில் மிளகாய்த் தூளோடும் பனங்கட்டியோடும் ஓரிரண்டு பூச்சு மருந்துக் குழாய்களும் வருவது வழக்கம். "பூசினால் இரண்டே நாளில் கடி நிற்கும்" என்ற சிபாரிசும் கூடவே வரும். உண்மைதான், நிற்கும். அந்த இரண்டு நாள் சுகத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதே எமது கருத்து.

படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது. வியர்வை தங்கும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்துப் படரும். சாதாரண வகை என்றால், இங்குள்ள அப்போதெக்கில் சீட்டில்லாமல் கிடைக்கும் தெர்பினாபின் கிறீமைச் சொன்ன காலம் வரை பூச மாறிவிடும்.

ஊரிலிருந்து வரும் குழாயில் இருப்பது பல வேளைகளில் ஒரு மருந்தல்ல, மூன்று: பூஞ்சணக்கொல்லி, கிருமிகொல்லி, அவற்றோடு குளோபெற்றசோல் போன்ற கடும் ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அடக்கும், பூஞ்சணத்தை அடக்காது. தோலின் எதிர்ப்புக் குறைந்ததும் அது சத்தமில்லாமல் பரவும். வட்டம் கலைந்து போவதால் வைத்தியருக்கே எக்ஸிமா போலத் தோன்றும். (அவரும் ஸ்டீரொயிட் எழுதிக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.) பூசுவதை நிறுத்தினால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் மாறாத கோடுகள் விழும். இந்தியா 2018இல் பல ஸ்டீரொயிட் பூச்சுகளை வைத்தியர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டியவற்றில் சேர்த்தது. ஆனால் சட்டம் வேறு, கடை வேறு.

இதற்கிடையில் பூஞ்சணமும் மாறிவிட்டது. தெர்பினாபினுக்கு அடிக்கடி மசியாத ஒரு வகை இந்தியத் துணைக்கண்டத்தில் பரவியுள்ளது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைற்றன் இன்டோடினியே என்று பெயரிட்டனர். கலப்புக் கிறீம்களின் தாராளப் பாவனையும் அதற்கு வழிவிட்டது என்பதே தோல் நிபுணர்கள் பலரின் கணிப்பு. ஐரோப்பாவிலும் அது காணப்படுகிறது. 2023இல் நியூயோர்க்கில் அறிவிக்கப்பட்ட இரு நோயாளிகளில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். தோலோடு தோல் படுவதாலும், ஒரே துவாயைப் பலர் பாவிப்பதாலும் தொற்றும்.

இவ்வகைக்குப் பெரும்பாலும் இத்ராகொனசோல் குளிசை வாரக்கணக்கில் தேவைப்படும். கொலஸ்ரோலுக்குச் சிம்வாஸ்டாற்றின் எடுப்பவர்கள் (எம்மவரில் கொலஸ்ரோல் குளிசை எடுக்காதவர் யார்?) அதையும் இதையும் சேர்த்து எடுக்கவே கூடாது. எனவே இது நண்பரிடம் வாங்கி விழுங்கும் மருந்தல்ல.

இரண்டு, மூன்று வாரம் பூசியும் மாறாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். நோகாது. ஊருக்குப் போய் வந்ததையும், வீட்டில் வேறு யாருக்கும் கடி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

தொடை இடுக்கைக் காட்ட வெட்கப்பட்டே பலர், குறிப்பாகப் பெண்கள், அந்தக் குழாயை நாடுகிறார்கள் என்பது எமக்குத் தெரியும். பெண் வைத்தியரைக் கேட்கலாம். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. ஒஸ்லோவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற பயமிருந்தால் தொலைபேசியில் ஒழுங்கு செய்யச் சொல்லலாம். பிள்ளையை மொழிபெயர்க்க இருத்தாதீர்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அதைத் தடுக்கிறது.

வரும்போது அந்தக் குழாயையும் கொண்டு வாருங்கள். நாங்கள் ஏசமாட்டோம். அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்கத்தான்.