மேடைத் தமிழ் கருவறை ஏறுக!

2025 சூலை 27. இராசேந்திர சோழன் பிறந்தநாளாம் ஆடித் திருவாதிரையை ஒட்டிய விழாவின் நிறைவுநாள். கங்கைகொண்ட சோழபுரத்தில் இளையராசா தம் இசைக்குழுவுடன் திருவாசகத்தை இசைத்தார். 2005-இல் அங்கேரி நாட்டுப் பல்லியக் குழுவினர் துணையோடு அவர் இசைவடித்த மணிவாசகர் தமிழ், சோழன் எடுப்பித்த கற்றளியின்முன் முழங்கியது. மகிழத்தக்கதே! மறைந்த பாவலர்க்கு அவர்தம் பாட்டைப் பாடுதலினும் சிறந்த நினைவுக்கல் வேறில்லை.

ஆயின், அக்கற்றளியையே பாடிய பாவலர் ஒருவர் உளர், அவர் கருவூர்த்தேவர். தந்தை எடுத்த தஞ்சைத் தளியையும் மகன் எடுத்த இத்தளியையும் அவர் பாடிய திருவிசைப்பாக்கள் ஒன்பதாம் திருமுறையில் உள்ளன. அவற்றுக்கு உரிய இடம் விழாமேடை மட்டுமன்று, கருவறையே.

2020-இல் தஞ்சைக் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க வழக்குமன்றம் செல்ல நேர்ந்தது. ‘தமிழும்’ என்னும் அவ்வும்மை எச்சவும்மை அன்று. தமிழர்க்கு அஃது இழிவுசிறப்பும்மை! விழா ஒருநாள், வழிபாடு நாள்தோறும். எடுப்பித்தவன் தமிழன்; பாடியவன் தமிழன்; வழிபடுமொழி மட்டும் வேறோ?