அடிபிடிக்கட்டும், பதற வேண்டாம்! லூசியானா வீட்டுக் கோழிக் குழம்பு

'அடிபிடிச்சிருச்சு!' என்று ஒரு குரல் கேட்டால் போதும், கூடத்தில் இருப்பவர்கூட அடுப்படிக்கு ஓடி வருவார். பாலோ, பருப்போ, பாயசமோ... அடிபிடித்தால் அன்றைய சமையல் போச்சு என்பது நம் கணக்கு. ஆனால், பாத்திரத்தின் அடியில் பிடிப்பதையே முதலாகப் போட்டு ஒரு குழம்பு வைக்கும் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானா மாநிலம். அங்கே கேஜன் மக்கள் வீட்டில் செய்யும் 'ஸ்மதர்டு சிக்கன்'தான் இந்த வாரம் நம் அடுப்பில்.

இதற்கு மசாலா அரைக்க வேண்டாம். தேங்காய் துருவ வேண்டாம். தக்காளிகூட வேண்டாம். கோழி, வெங்காயம், இன்னும் இரண்டு காய், உப்பு, மிளகு, தண்ணீர். 'அப்புறம் நிறம் எங்கிருந்து வரும், ருசி எங்கிருந்து வரும்?' என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் அடியிலிருந்துதான்.

யார் இந்த கேஜன்கள்?

'கேஜன்' என்றதும் ஹோட்டலில் வெள்ளை சாஸ் ஊற்றிக் கொடுக்கும் உருளைக்கிழங்கு வறுவல் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அல்லது, சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்கும் சிவப்புப் பொடி. உண்மையில் அது ஒரு பொடியின் பெயரல்ல. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர்.

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா பகுதியில், அகாடியா என்றொரு பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. அந்தப் பகுதி பிரிட்டன் கைக்குப் போனபின், 1755-ல் தொடங்கி அங்கிருந்த விவசாயிகளைக் கப்பலில் ஏற்றி வெளியேற்றினார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கப்பல் மூழ்கியும் நோய் கண்டும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. 1765 வாக்கில் ஒரு பிரிவினர் லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785-ல் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் 1,600 பேர் அளவில் வந்தார்கள். 'அகாடியன்' என்ற பெயர் வாய் வழக்கில் தேய்ந்து 'கேஜன்' ஆனது. நடந்த கொடுமையை ஒப்புக்கொண்டு பிரிட்டிஷ் ராணியின் பெயரில் ஓர் அறிவிப்பு வெளியானது 2003-ல்தான்!

குளிர் நாட்டில் கோதுமை விளைத்தவர்கள், வெக்கையும் சதுப்பு நிலமும் முதலையும் நிறைந்த ஊரில் வாழப் பழக வேண்டியிருந்தது. அங்கே அவர்கள் தனியாகவும் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் இருந்தார்கள், ஸ்பானியர்கள் இருந்தார்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் இருந்தார்கள். நெல்லும் வெண்டைக்காயும் அந்த ஆப்பிரிக்க மக்களுக்குக் கைவந்த பயிர்கள். இன்று 'கேஜன் சமையல்' என்று சொல்வதில் அவர்களுடைய கைமணம் பெரும்பங்கு. இதே ஸ்மதர்டு சிக்கனை லூசியானாவின் கறுப்பினக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1921-ல் லூசியானாவின் அரசியல் சட்டம், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்றது. வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகள், பள்ளியில் வாய் தவறிப் பேசினாலும் தண்டனைதான். 'இனி பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய் தகப்பன் ஆனபோது, 'நாம் பட்டது போதும்' என்று தங்கள் குழந்தைகளிடம் பிரெஞ்சு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். மொழியை மீட்க 1968-ல் மாநில அரசே ஒரு மன்றம் அமைத்தது. ஆனால், அதற்குள் ஒரு தலைமுறை கைநழுவிவிட்டது. பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியாது. பாட்டி வைத்த குழம்பின் பெயர் மட்டும் புரியும். 'ரூ', 'எதூஃபே', 'பூதான்'... பிரெஞ்சு பேசத் தெரியாத வீடுகளிலும் இந்தச் சொற்கள் இன்றும் அடுப்படியில் புழங்குகின்றன.

மூச்சுமுட்ட மூடி வைப்பது

'எதூஃபே' என்றாலும் 'ஸ்மதர்' என்றாலும் மூச்சுமுட்டச் செய்வது என்றுதான் பொருள். கறியைச் சிவக்க வறுத்து, மேலே வெங்காயத்தைக் குவித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டுப் புழுங்க விடுவது. முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியை வேறு எப்படிச் செய்தாலும் பல்லுக்கு வேலை வைக்கும். மணிக்கணக்கில் சிறுதீயில் புழுங்கினால், எலும்பைவிட்டுத் தானே கழன்று வரும். ஒரே கோழி, குழம்பும் சோறுமாகப் பெரிய குடும்பத்துக்கே காணும். கையில் காசில்லாத வீடுகள் கண்டுபிடித்த வித்தை இது.

இந்தச் சமையலை 1980-களில் உலகறியச் செய்த சமையல் கலைஞர் பால் ப்ருதோம், அப்படியொரு வீட்டில் 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அவர் பெயரைக் கேட்டால் பலருக்கு மசாலா தடவிக் கருக வறுத்த மீன்தான் நினைவுக்கு வரும். ஆனால், லூசியானா வீடுகளில் வாரநாளில் கொதிப்பது இந்தக் குழம்பும் சோறும்தான்.

அடியில் என்ன நடக்கிறது? ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வேகும், ஆனால் சிவக்காது. ஈரம் வற்றி, சூடு 140 டிகிரியை நெருங்கும்போது கறியில் உள்ள புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து செந்நிறமும் புது வாசனைகளும் உண்டாகின்றன. ரொட்டியின் மேல்தோலும் தோசையின் முறுகலும் இப்படி வருவதுதான். கறி வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதே ருசிதான். கேஜன் வீடுகளில் அதை ஒரு கவளத்தோடு விடாமல், தண்ணீர் விட்டுக் கரைத்துக் குழம்பு முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள்.

தேவையானவை (5 பேருக்கு)

எலும்புடன் கோழி, பெரிய துண்டுகளாக – 1 கிலோ (தோலுடன் கிடைத்தால் நல்லது)
பெரிய வெங்காயம் – 4
பச்சைக் குடைமிளகாய் – 1
செலரி – 2 தண்டு
பூண்டு – 6 பல்
வெங்காயத்தாள் – ஒரு கைப்பிடி
எண்ணெய் – 4 டேபிள்ஸ்பூன்
மிளகுத்தூள் – 1 டீஸ்பூன்
தனி மிளகாய்த்தூள் – ½ டீஸ்பூன்
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 1 டீஸ்பூன்
காய்ந்த தைம் இலை – ½ டீஸ்பூன் (இல்லாவிட்டால் விட்டுவிடலாம்)
வெந்நீர் – 3 கப்
உப்பு – தேவைக்கு

வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் லூசியானாவில் 'புனித மும்மை' என்பார்கள். நமக்குக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை மாதிரி. செலரி கிடைக்கவில்லை என்பதற்காகச் சமையலைத் தள்ளிப்போட வேண்டாம். வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டைக் கூடுதலாகப் போடுங்கள். கொத்தமல்லி மட்டும் வேண்டாம். வாசனை நம் குருமா பக்கம் திரும்பிவிடும். தனியா சேர்த்து அரைத்த குழம்புத்தூளும் கூடாது, தனி மிளகாய்த்தூள்தான்.

செய்முறை

1. கோழியைக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். உப்பும் மிளகும் தடவி அரை மணி நேரம் வையுங்கள். மிளகாய்த்தூளை இப்போது தடவ வேண்டாம். வறுக்கும்போது கருகிக் கசக்கும்.

2. அடிகனமான பாத்திரம் முக்கியம். இரும்புச் சட்டி இருந்தால் அருமை. நான்ஸ்டிக் இதற்கு ஆகாது; அதில்தான் எதுவும் ஒட்டாதே! எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும், தோல் பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கி அடைத்தால் நீர் விட்டு அவிந்துவிடும். இரண்டு தடவையாக வறுப்பதே நல்லது.

3. ஐந்தாறு நிமிடம் கை வைக்காதீர்கள். புரட்டப் போனால் ஒட்டிக்கொண்டு வராது. வராவிட்டால் இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம். சிவந்ததும் பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும். மறுபக்கமும் சிவந்தபின் தட்டில் எடுத்து வையுங்கள். இப்போது சட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு படலம் இருக்கும். அதுதான் நம் சொத்து. கழுவிவிடாதீர்கள்.

4. அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டி, ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். வெங்காயம் நீர் விடும். தட்டையான மரக் கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். ஒட்டியதெல்லாம் வெங்காயத்தில் ஏறும். நீர் வற்றி மறுபடி அடிபிடிக்கும். பிடிக்கட்டும். நன்றாகச் சிவந்ததும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். இப்படி நான்கைந்து முறை. மிதமான தீயில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். வெங்காயம் குழைந்து வெல்லப்பாகு நிறத்துக்கு வர வேண்டும். குழம்பின் நிறம் இங்கேயே முடிவாகிவிடும். பிறகு எதைப் போட்டாலும் அது வராது.

5. நறுக்கிய குடைமிளகாய், செலரி சேர்த்து 5 நிமிடம் வதக்கி, தட்டிய பூண்டு, இரண்டு மிளகாய்த்தூள், தைம் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள்.

6. கோழியை, தட்டில் வடிந்திருக்கும் சாற்றோடு உள்ளே போடுங்கள். துண்டுகள் முக்கால்வாசி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் விடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, இறுக்கமாக மூடுங்கள். பிராய்லர் கோழிக்கு 40 முதல் 45 நிமிடம். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். இடையில் தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மூடியைத் திறந்து 10 நிமிடம் வற்ற விடுங்கள். கரண்டியின் பின்பக்கம் ஒட்டி நிற்கும் பதம் போதும். மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை எடுத்துவிட்டு, உப்பு பார்த்து, வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பரிமாறினால் குழம்பு இன்னும் சேர்ந்திருக்கும்.

சிவப்பு வேறு, கறுப்பு வேறு

இந்தச் சமையலில் கவனிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். அடியில் செம்பழுப்பாக, வறுத்த கடலை வாசனையோடு பிடித்தால் ருசி. கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை வந்தால் கசப்பு. தீய்ந்துவிட்டால் சுரண்டவே சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள், குழம்பு தப்பிவிடும்.

குக்கரில் வைக்கலாமா? நான்காவது படிக்குக் குக்கரில் குறுக்கு வழி கிடையாது. ஐந்தாவது படி முடிந்தபின், நாட்டுக்கோழியாக இருந்தால் தண்ணீரைக் குறைத்து, குக்கரில் இரண்டு மூன்று விசில் விட்டு, பிறகு திறந்து வற்ற வைக்கலாம். தப்பில்லை.

கெட்டியாக வேண்டும் என்பவர்கள், ஐந்தாவது படியில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா தூவி இரண்டு நிமிடம் வறுத்துக்கொள்ளலாம். மாவை எண்ணெயில் சிவக்க வறுப்பதைத்தான் 'ரூ' என்கிறார்கள். நிறைய வீடுகளில் மாவே போடாமல், வெங்காயம் கரைந்த கெட்டியே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

எதோடு சாப்பிடுவது?

வெள்ளைச் சோறுதான், யோசிக்கவே வேண்டாம். தென்மேற்கு லூசியானா நெல் விளையும் பூமி. அங்குள்ள க்ரௌலி என்ற ஊர் தன்னை 'அமெரிக்காவின் அரிசித் தலைநகர்' என்றே சொல்லிக்கொள்கிறது! குழம்பும் சோறும் அவர்களுக்கும் அன்றாடச் சாப்பாடு. பாஸ்மதியைவிடக் கொஞ்சம் குழைவாக வடித்த பொன்னி அரிசிச் சோறு இந்தக் குழம்பை நன்றாக உறிஞ்சும். மறுநாள் சுட வைத்தால் ருசி கூடும். மீந்ததை இரும்புச் சட்டியிலேயே விடாமல், வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சைவம் சாப்பிடும் வீடுகளுக்கும் இந்த வித்தை கைகொடுக்கும். உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெண்டைக்காய் மூன்றையும் லூசியானாவில் இப்படியே புழுங்க வைப்பார்கள். முதலில் கிழங்கைத் துண்டுகளாக்கிச் சிவக்க வறுத்து எடுங்கள். பிறகு வெங்காயம், சுரண்டல், மூடி எல்லாம் அதேபோல. வெந்நீர் மட்டும் ஒரு கப் போதும், 15 நிமிடத்தில் வெந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாத வேளையில் அடுப்பைப் பற்ற வையுங்கள். வெங்காயம் வதக்கும் அந்த 20 நிமிடத்தில் பிள்ளைகளில் யாரையாவது பக்கத்தில் நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுங்கள். எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த நிறம், இந்த வாசனை என்று பக்கத்தில் நின்று காட்டினால்தான் கைக்கு வரும்.