கத்திக்கு முன்னும் பின்னும்

1947இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது. எல்லோரும் கைவிட்டிருந்த கையில் அத்தனை வலு! சில தசைகள்தான் செயலிழந்திருந்தன. நல்ல தசையொன்றின் நாணை இடம்மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரக்கூடும் என்று அவருக்குப் பட்டது. மறு ஆண்டே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது.

கொல்லிமலையில் பிறந்த அந்த சர்ஜனை வரலாறு கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் மடங்கிய விரல்கள் நிமிர்ந்ததில் பாதி வேலை ரூத் தாமஸ் முதலான பிசியோதெரபிஸ்டுகளுடையது. இறுகிய மூட்டுகளை முதலில் தளர்த்த வேண்டும். எந்தத் தசையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று விரல் விரலாகச் சோதித்துக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் எந்த நாணை எடுப்பதென்று சர்ஜன் முடிவு செய்ய முடியாது. அறுவைக்குப் பின் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகுதான் நிஜமான பாடு. நேற்றுவரை ஒரு வேலை பார்த்த தசைக்கு இன்று வேறு வேலை. நோயாளி அதைப் புதிதாகப் பழக வேண்டும். அவசரப்பட்டால் தைத்த இடம் விட்டுப்போகும், தாமதித்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த அளவு தெரிந்தவர் தினமும் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பவர்தான்.

பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் அநாயாசமாகத் திறந்தான். சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்பது இப்படித்தான் பிடிபட்டது. அதன்பின் காயம் வராமல் காப்பதும் சிகிச்சையாயிற்று. கையை உறுத்தாத கருவிப்பிடியும், மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பும் தேவைப்பட்டன. தச்சரும் செருப்புத் தைப்பவரும் மருத்துவத்துக்குள் வந்தார்கள்.

அன்று கற்ற பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் நம் மருத்துவமனைகள் பலவற்றில் சர்ஜன் ஒரு மாடி, டிரெஸ்ஸிங் அறை ஒரு மாடி, பிசியோதெரபி வேறொரு கட்டடம். புண் நேற்றைவிட ஆழமாகியிருப்பதை முதலில் கவனிப்பவர் கட்டு மாற்றும் நர்ஸ். அவர் பார்த்தது கேஸ் ஷீட்டில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. ரவுண்ட்ஸில் அவரை யாரும் கேட்பதில்லை. விரலையோ காலையோ எடுப்பதென்று கையெழுத்திடுமுன் அந்த நர்ஸும், பிசியோதெரபிஸ்டும், செருப்பு அளவெடுப்பவரும் சர்ஜனோடு ஒரே கட்டிலருகே நின்று பேச வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நிர்வாகங்கள் அதற்கென்று வாரத்தில் ஒரு நேரத்தை ஒதுக்கித் தரட்டும்.