தொற்று போனது, சலுகை வரவில்லை

மறுபடியும் அதே பதில். மூத்த குடிமக்களின் ரயில் கட்டணச் சலுகை எப்போது திரும்பும் என்று நாடாளுமன்றத்தின் எந்த அவையில் யார் கேட்டாலும், ரயில்வே அமைச்சகத்தினர் கணக்குப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறார்கள். நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம்; மீதி 46 ரூபாய் எல்லாப் பயணிகளுக்கும் நாங்கள் தரும் சலுகை; 2022-23-இல் 56,993 கோடி ரூபாய். ஆகவே பெரியவர்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை. பதிலோடு அவை அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. எழும்பூரில் திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுக்க நிற்கும் 68 வயதுக்காரர்தான் நின்றுகொண்டே இருக்கிறார்.

2020 மார்ச் 20-ஆம் தேதி இந்தச் சலுகை நிறுத்தப்பட்டபோது யாரும் முணுமுணுக்கவில்லை. தொற்று பரவுகிறது, வயதானவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். நியாயம் என்று நாமும் ஏற்றோம். 2021 நவம்பரில் ரயில்களின் நெற்றியில் ஒட்டியிருந்த 'சிறப்பு' என்ற பட்டம் கழன்றது. பழைய எண்கள் வந்தன. பிறகு போர்வை வந்தது, தலையணை வந்தது. 60 வயது ஆணுக்கு 40 விழுக்காடும் 58 வயதுப் பெண்ணுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகை மட்டும் வரவில்லை. அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 100 ரூபாய் என்றால், முன்பு கணவனும் மனைவியும் சேர்ந்து 110 ரூபாய் கொடுத்தார்கள்; இன்று 200. 2025 ஜூலையில் கட்டணமே உயர்ந்தது வேறு கதை.

இந்த வித்தியாசம் எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், கார்த்திகை பிறந்த பிறகு திருச்செந்தூர் பக்கம் வர வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் காலம் அது. வெயில் தணிந்திருக்கும். ஆடிக் காற்றில் முகத்தில் அறையும், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணல், வடகிழக்குப் பருவமழையில் நனைந்து அடங்கிக் கிடக்கும். பழைய பள்ளி ஆசிரியர்கள், தபால்காரர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள் என்று ஒரே தெருவிலிருந்தோ ஒரே அலுவலகத்திலிருந்தோ குழுவாகக் கிளம்பி, செந்தூர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்திறங்குவார்கள். நாழிக்கிணற்றுத் தண்ணீர், முருகன் தரிசனம், பன்னீர் இலை விபூதி. இது முதல் பாதி.

இரண்டாம் பாதிதான் அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது. ஒரு வேன் பேசி, காயாமொழியைத் தாண்டி, குதிரைமொழித் தேரிக்குள் இறங்குவார்கள். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல், கண்ணுக்கு எட்டிய வரை மேடும் பள்ளமுமாக. நடுநடுவே பனையும் கொல்லாமரமும். காப்புக்காடு என்பதால் தடத்தை விட்டு விலகக் கூடாது. தடத்திலேயே மணல் குவிந்திருந்தால் டயர் புதையும். முப்பது வருடம் கோப்பு தள்ளியவர்கள் இறங்கி வேன் தள்ளுவார்கள். முட்டி வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அந்தக் கால் மணி நேரம் விடுப்பில் போய்விடும். பிறகு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுற்றிலும் வறண்ட மணலாக இருக்க, நடுவே ஊறும் சுனை. கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டுத் திருவிழா நேரத்தில் வந்தவர்களானால் ஒரு பிடி செம்மண் முடிந்துகொள்வார்கள். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி, நேரமிருந்தால் மணப்பாடு.

இந்தக் குழுக்கள்தான் உடைகின்றன. எப்படி உடைகின்றன என்பதை டெல்லிக் கணக்குப் புத்தகம் காட்டாது, நாம் காட்டுகிறோம். இருபது பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே ஓய்வூதியம் இல்லை. அரசு வேலை பார்த்தவர் சமாளித்துவிடுவார். தனியார் ஆலையில் இருந்தவருக்கு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014-இல் நிர்ணயித்தது, அப்படியே நிற்கிறது. கட்டணம் கூடியதும் முதலில் விலகுபவர் அவர்தான். காசு இல்லை என்று சொல்ல மாட்டார். "பேத்திக்குப் பரீட்சை", "முட்டி சரியில்லை" என்பார். அவரோடு அவர் மனைவியும் நின்றுவிடுவார். இருபது பதினெட்டாகும்போது வேன் வாடகையில் ஆளுக்கு விழும் பங்கு ஏறும். அந்தப் பங்கைக் கேட்டு இன்னும் இருவருக்கு முட்டி வலிக்கும். அடுத்த ஆண்டு "இந்த வருஷம் வேண்டாம், பார்க்கலாம்" என்பார்கள். அதற்கடுத்த ஆண்டு பேச்சே எழாது. எழுபது வயதுக்காரர் தள்ளிப்போடும் ஓர் ஆண்டு, முப்பது வயதுக்காரர் தள்ளிப்போடும் ஓர் ஆண்டு அல்ல.

தனியாகப் போய் சாமி கும்பிட்டு வரலாமே என்று கேட்கலாம். கும்பிடலாம்தான். ஆனால் வயதானவர் தனியாக ரயில் ஏறுவதைப் பிள்ளைகள் விடுவதில்லை. குழுவோடு என்றால் விடுவார்கள். மருந்து மறந்தால் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், பெட்டி தூக்க ஓர் ஆள், இரவில் கழிவறை வரை துணைக்கு ஓர் ஆள் என்று குழுதான் அவர்களின் காப்பீடு. குறிப்பாகப் பெண்களுக்கு. கணவனை இழந்த ஒரு பெண் நான்கு நாள் வீட்டுச் சமையலிலிருந்து விடுபட்டுச் சிரித்துப் பேசிவர வேறு வழி என்ன இருக்கிறது? 58 வயதிலேயே அவருக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்த பழைய விதிக்கு இந்த நெளிவு சுளிவு தெரிந்திருந்தது. அதை எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

முதியவர்கள் மணலில் வண்டியோட்டிக் களிப்பதை ஒரு பொருளாதாரமாகவே வளர்த்த நாடுகள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற பாலைவனச் சிற்றூர். கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வருவதுபோல, குளிர் காலத்தில் வடக்கிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டு வண்டிகளோடு வந்து குவிகிறார்கள். கூட்டம் கூட்டமாக மணல் வண்டிகளில் பாலைவனத் தடங்களில் சுற்றுகிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அவர்கள் தங்குவதற்கென்றே அந்நாட்டு அரசு நிலம் ஒதுக்கியிருக்கிறது. 62 வயதானால் தேசியப் பூங்காக்களுக்கு வாழ்நாள் அனுமதி அட்டை. 2017-இல் அதன் விலையை 10 டாலரிலிருந்து 80 டாலராக ஏற்றினார்கள், ரத்து செய்யவில்லை. நம் பெரியவர்கள் வீட்டு வண்டி கேட்கவில்லை. ஒரு ஸ்லீப்பர் பெர்த் கேட்கிறார்கள்.

அந்த 54 ரூபாய்க் கணக்குக்கு வருவோம். எல்லோருக்கும் மானியம் தருவதால் முதியவர்களுக்குத் தனியாகத் தர வேண்டியதில்லை என்பது, எல்லோருக்கும் சோறு போடுவதால் பால்குடிக் குழந்தைக்குப் பால் தேவையில்லை என்பது போன்றது. அந்த மானியம் 2020-க்கு முன்பும் இருந்தது. அதற்கு மேல்தான் மூத்தோர் சலுகையும் இருந்தது. அன்று கொடுக்க முடிந்தது. சலுகையை நிறுத்தியதால் 2020 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை மூத்த குடிமக்களிடமிருந்து கூடுதலாகக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 8,900 கோடி ரூபாய் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற விவரமே சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 1,800 கோடிதான். ரயில்வேக்கு மத்திய பட்ஜெட் 2025-26-இல் ஒதுக்கிய மூலதனமோ 2.52 லட்சம் கோடி. அதில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத தொகைக்காக ஒரு தலைமுறையின் பயணத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இலும் 2023-இலும் சொன்னது: எல்லா வகுப்புக்கும் முடியாவிட்டால் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்குமாவது கொடுங்கள். அந்தப் பரிந்துரை எந்த அலமாரியில் தூங்குகிறது? 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை அரசின் கொள்கை முடிவு என்று விலகிக்கொண்டதை நற்சான்றிதழாகச் சட்டையில் குத்திக்கொள்வது வேறு. முன்பு 'விட்டுக்கொடுங்கள்' என்று கேட்டுப் பார்த்தார்கள். விட்டுக்கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று தணிக்கை அறிக்கை சொன்னது. கேட்டபோது கிடைக்காததைத் தொற்று வந்ததும் எடுத்துக்கொண்டார்கள். இதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

இது இவர்களின் கைப்பழக்கம். அதே தொற்றுக் காலத்தில் சாதாரணப் பாசஞ்சர் ரயில்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். பூ விற்பவரும் மீன்கூடைக்காரியும் மூன்று மடங்கு கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றபோதுதான் பழைய கட்டணம் நினைவுக்கு வந்தது. புதிய பாதைகளிலும் இதே கதைதான். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் பாதை என்று 2011-12-இல் ஒப்புதல் தந்தார்கள். மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டதோடு மூச்சு வாங்கிவிட்டது. தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி கடற்கரைப் பாதையோ ஆய்வு, மறு ஆய்வு என்று தாளிலேயே ஓடுகிறது. நூறாண்டுக்கு முன் ஒரு சர்க்கரை ஆலைக் கம்பெனி இதே தேரி ஓரமாகத் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளைக்குச் சிறு ரயிலே ஓட்டியது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு லாபம் தெரிந்த இடத்தில், நம்மவர்களுக்கு நட்டம் மட்டும்தான் தெரிகிறது.

2023 டிசம்பர் 17 இரவை இந்தப் பகுதி மறக்காது. பெருவெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய இடத்துக்குப் போகாமல் ஏறத்தாழ 800 பேர் பிழைத்தார்கள் என்றால், களத்தில் இருந்த ஊழியர்கள் தண்ணீரைப் பார்த்து முடிவெடுத்ததால்தான். சுற்றுவட்டார மக்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். மனிதரைக் கண்ணால் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. தாளைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு, இந்தச் சலுகை நிறுத்தம்.

தமிழக அறநிலையத் துறை 60 வயதைக் கடந்தவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. நல்லது. ஆனால் ஆண்டுக்குக் குறிப்பிட்ட சிலருக்குக் கிட்டும் அந்த வாய்ப்பு, யாரிடமும் விண்ணப்பிக்காமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், தன் காசில் சலுகைக் கட்டணம் கொடுத்துப் போகும் உரிமைக்கு ஈடாகாது.

முழுதாகத் திருப்பித் தருவார்களோ, வகுப்பு பிரித்துத் தருவார்களோ, வயதை உயர்த்தித் தருவார்களோ, அது அவர்கள் பாடு. ஏதாவது ஒரு வகையில், விரைவில் தர வேண்டும். மனம் இருந்தால் கணக்கு தானாக நேராகும். தேரியில் புதைந்த வேனைத் தள்ள ஆள் சேர்ந்தால் போதும்; தள்ள வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வீட்டிலேயே தங்கிக்கொண்டிருக்கிறார்கள்.