இலாபம் அவர்க்கு! கடன் எவர்க்கு?

"வருகிறது முதலீடு! வாழப்போகிறது நாடு!" என்று முரசு கொட்டுகின்றனர், உலகப் பொருளாதாரத்தை வளர்த்துத் தரப் புறப்பட்டுள்ள மேதைகள். அரசுகளின் பணமும் தனியாரின் பணமும் கைகோத்து நடந்தால் வறுமை ஓடி ஒளியுமாம். நூறு கோடிகளை இலட்சம் கோடிகளாக்குவோம் என்று 2015ஆம் ஆண்டிலே உலக வங்கியும் அதன் உடன்பிறப்புகளும் சூளுரைத்தன. பொதுப்பணத்தைச் சிறிது தூவினால் போதும், தனியார் பணம் பெருவெள்ளமாய்ப் பாயும் என்பது அவர்கள் உரைத்த வேதம்.

நாம் முதலீட்டுக்குப் பகைவர் அல்லர். பணமின்றிப் பாலம் இல்லை, பள்ளி இல்லை, மின்சாரம் இல்லை என்பதை அறிவோம். நாம் கேட்பது இதுதான்: விதைப்பவர் யார்? அறுப்பவர் யார்? வெள்ளம் வந்தால் மூழ்குபவர் யார்?

விடை வேண்டுமா? வாருங்கள், ஆப்பிரிக்காவின் நடுவிலே உள்ள சாம்பியா நாட்டுக்கு.

கடற்கரை இல்லாத நாடு. ஆனால் மண்ணுக்கடியிலே கடலெனச் செம்பு! உலகத்து மாளிகைகளுக்கு விளக்கேற்றும் மின்கம்பிகளுக்கு அந்த மண் செம்பு தந்தது. அந்நாட்டுக் குடிசைகளுக்கு? விடுதலையின் பொன்விழா ஆண்டான 2014இலும், மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலே மின்விளக்கு இல்லை! ஊருக்கு ஒளி, உடையவனுக்கு இருள்!

இந்த அநீதிக்கு வயது அதிகம். சிசில் ரோட்சு தொடங்கிய பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனி, அந்த மண்ணின் கனிமங்களுக்கெல்லாம் தானே உரிமையாளன் என்று கூறி, தோண்டப்பட்ட செம்புக்கெல்லாம் உரிமைத்தொகை வாங்கிக் கொழுத்தது. 1964 அக்டோபர் 24 அன்று விடுதலைக்கொடி ஏறியது. கொடி ஏறுமுன், அந்த உரிமையைக் கைவிடுவதற்கு விலை பேசியது கம்பெனி. 40 இலட்சம் பவுன்! பாதியைப் பிரிட்டன் தந்தது; பாதியைப் பிறக்கவிருந்த நாடு தந்தது. தன் வீட்டுத் திறவுகோலைத் தானே விலை கொடுத்து வாங்கிய கொடுமை வேறெங்கே உண்டு?

பின்னர் கென்னத் கவுண்டாவின் அரசு, 1969இலே, சுரங்கங்களில் 51 விழுக்காட்டைப் பொதுவுடைமையாக்க முடிவு செய்தது. ஆனால் 1970களின் நடுவிலே செம்பின் விலை சரிந்தது. வருவாய் வறண்டது, கடன் வளர்ந்தது. அரசுச் சுரங்கங்களிலே திறமைக்குறைவும் ஊழலும் இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் டன் எடுத்த நாடு, 2000ஆம் ஆண்டிலே 2½ இலட்சம் டன் அளவுக்குத் தேய்ந்தது.

"தனியாரிடம் தா, தழைக்கும்!" என்றனர் கடன் கொடுத்தோர். 1997 முதல் 2000 வரை சுரங்கங்கள் விற்கப்பட்டன. மக்கள் கண்ணிலே படாமல் எழுதப்பட்ட ஒப்பந்தங்களிலே, அரசுக்குரிய உரிமைத்தொகை எவ்வளவு தெரியுமா? 0.6 விழுக்காடு! நூறு ரூபாய்ச் செம்புக்கு அறுபது காசு! விலை தாழ்ந்து கிடந்தபோது, 2002இல், கொங்கோலாச் சுரங்கங்களை வாங்கியிருந்த ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. அடுத்த சில ஆண்டுகளிலே விலை விண்ணைத் தொட்டது. உற்பத்தியும் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அறுபது காசு அறுபது காசாகவே நின்றது. 2008இலே அரசு அந்த ஒப்பந்தங்களைச் சட்டத்தால் நீக்கி, பெருலாபத்துக்கு வரி விதித்தது. மறு ஆண்டே, 2009இல், அந்தப் பெருலாப வரி திரும்பப் பெறப்பட்டது! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அதுதான் நடந்தது.

இனி, பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேளுங்கள். 1979இலே உழவு டிராக்டர்கள் வாங்க ருமேனியாவிடம் சாம்பியா கடன் பெற்றது. கட்ட இயலவில்லை. 1999இலே டோனிகல் இண்டர்நேஷனல் என்ற தனியார் நிறுவனம், அந்தக் கடன்சீட்டை ஏறத்தாழ 33 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இலண்டன் நீதிமன்றத்திலே கேட்டதோ 5 கோடியே 50 இலட்சம் டாலர்! 2007இலே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் பெறத் தீர்ப்பும் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்புதான், 2005இலே, ஏழை நாடு என்று இரங்கி, உலக அரசுகள் சாம்பியாவின் கடன் சுமையைக் குறைத்திருந்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என்று பொதுமக்கள் விட்டுக்கொடுத்த பணத்தின் மீது தனியார் கழுகு வந்து அமர்ந்தது. பிரிட்டன் 2010இலே சட்டம் இயற்றி இத்தகைய வேட்டைக்கு வரம்பு கட்டியது. வெட்கம் வந்ததே, வாழ்க!

கதை முடிந்ததா? இல்லை. 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலே வெளிநாட்டுத் தனியார் முதலீட்டாளரிடம் பத்திரங்கள் விற்று 300 கோடி டாலர் பெற்றது சாம்பியா. முதலிலே வட்டி 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மூன்றாம் முறையோ ஏறத்தாழ 9 விழுக்காடு! சீனத்திடமும் பெருங்கடன். 2020 நவம்பரிலே 4 கோடியே 25 இலட்சம் டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. கடன் தந்த அரசுகளுடன் உடன்பாடு காண 2023 ஜூன் ஆயிற்று. பத்திரக்காரருடன் முடிக்க 2024 ஆயிற்று. பேரம் நடந்த அத்தனை ஆண்டும் காத்துக் கிடந்தவர் யார்? வங்கியாளரா? மருந்துக்கு வரிசையில் நின்ற தாய்!

"கடன் வாங்கியது அவர்கள் குற்றமன்றோ?" என்பர் சிலர். ஆம், ஊதாரி ஆட்சியாளரை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். ஒன்பது விழுக்காடு வட்டி எதற்காக? "திரும்ப வராமல் போகலாம், ஆபத்து அதிகம்" என்றுதானே? ஆபத்துக்கு விலையை முன்னரே வாங்கிக்கொண்டு, ஆபத்து வந்த அன்று "முழுப் பணத்தையும் எடு" என்பது எந்த ஊர் நியாயம்? ஆதாயம் தனியுடைமை, நட்டம் பொதுவுடைமை! இதுவா வளர்ச்சித் தத்துவம்?

வேறு வழி இல்லையா? பக்கத்து நாடான போட்சுவானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை, மறு ஆண்டே வைரம் கண்டனர். டி பியர்ஸ் நிறுவனத்துடன் 1969இலே கூட்டு. தொடக்கத்தில் அரசுக்குச் சிறு பங்கு. 1975க்குள் பேசிப் பேசிச் சரிபாதி பெற்றது அரசு. தனியாரைத் துரத்தவில்லை, தாள் பணியவும் இல்லை. அந்த வருவாய் சாலையாயிற்று, பள்ளியாயிற்று. அங்கும் வேலையின்மை உண்டு, ஏற்றத்தாழ்வு உண்டு. சொர்க்கம் என்று சொல்லோம். ஆனால் அரசு நிமிர்ந்து நின்றால் முதலீடு ஓடிவிடாது என்பதற்கு அந்நாடு சான்று.

நடுவர் என்று சொல்லிக்கொள்வோர் நிலை என்ன? உலக வங்கிக்கு 1946 முதல் தலைவராக வந்தவர் அனைவரும் அமெரிக்கக் குடிமக்கள். பன்னாட்டு நாணய நிதியத்திலே முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் உண்டு. ஒரு நாடு தலையசைக்காவிடில் உலகமே அசையாது! கடன்காரன் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து!

ஆகவே சொல்கின்றோம். ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வரட்டும். கடன் ஒவ்வொன்றும் மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்படட்டும். இலாபத்திலே பங்கு கேட்பவர் நட்டத்திலும் பங்கு ஏற்கட்டும். இலண்டனிலும் நியூயார்க்கிலும் கழுகுகளின் சிறகை நறுக்கச் சட்டம் வரட்டும்.

இனி எவரேனும் முதலீடு என்று முரசு கொட்டி வந்தால், வரவேற்போம், நாற்காலி போடுவோம். போட்டுவிட்டு, அமருமுன் கேட்போம்: "ஐயா, இலாபம் உமக்கு. கடன் எவர்க்கு?"