குடகனாறு: ஆத்தூர் அணையோட முடிஞ்சுபோற ஆறா இது?

தமிழ்நாட்டு ஆறுகள் மேற்கே பிறந்து கிழக்கே கடலுக்குப் போகும்னுதான் ஸ்கூல்ல படிச்சிருப்போம். திண்டுக்கல் மாவட்டத்தில் அந்தக் கணக்கு சரியா வராது. பழனிப் பக்கம் சண்முகநதி, ஒட்டன்சத்திரம் பக்கம் நங்காஞ்சியாறு, திண்டுக்கல் பக்கம் குடகனாறு. மூணுமே வடக்கே ஓடி அமராவதியில் சேர்கின்றன.

இதில் குடகனாறு பற்றி மட்டும் அடிக்கடி சண்டைச் செய்தி வருது. ஏன்?

ஆறு எங்கே போகுது?

மாவட்டத்தின் தெற்கே பழனி மலைத்தொடர். தரை அங்கிருந்து வடக்கே காவிரியை நோக்கிச் சரியுது. மலையில் பெய்யும் மழை ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கு வருது. அங்கிருந்து குடகனாறாகத் திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர், அழகாபுரி வழியா கரூர் மாவட்டத்துக்குள் நுழையுது. அதே மாவட்டத்தின் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத் தண்ணீரோ வைகைக்குப் போகுது. ஒரே மாவட்டம், ரெண்டு ஆற்றுப் படுகை.

சண்டை எதுக்கு?

மலையடிவாரத்தில் தென்னையும் நெல்லும். வடக்கே போகப்போக மழை குறைவு, கிணற்றையும் மானாவாரியையும் நம்பிய பூமி. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதே அந்த மண்ணைப் பற்றிச் சொல்லிடும்.

ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்பதுதான் பிரச்னை. கண்மாய்களை நிரப்புவது எங்க பழைய உரிமைன்னு வாய்க்கால் பாசனக்காரர்கள் சொல்றாங்க. ஆற்றை மறிச்சுட்டாங்கன்னு கீழே இருப்பவர்கள் சொல்றாங்க. அரசு நிபுணர் குழு வரைக்கும் போன விவகாரம் இது. ரெண்டு பக்கமும் விவசாயிகள்தான். அதனால யாரையும் வில்லனாக்கிட்டுக் கடந்துபோக முடியாது.

வடக்கே என்னதான் வந்தது?

தண்ணீருக்குப் பதிலா வேற ரெண்டு வந்தது.

ஒன்று, கழிவு. திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் தோல் தொழிற்சாலைகளால் குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் உண்டு. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரணும்னு சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. ஆனா, கெட்டுப்போன கிணறு தீர்ப்பு வந்ததும் இனிக்கத் தொடங்கிடாது. கழிவு கரைய ஆற்றில் ஓட்டம் வேணும்.

இன்னொன்று, வெள்ளம். அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டிய மண் அணை 1977-ல் உடைஞ்சது. மின்சாரம் நின்றுபோனதால் மதகுகளை முழுசாத் தூக்க முடியலை. தண்ணீர் கரைக்கு மேலேயே வழிந்து அணையை அரித்தது. பிறகு அணையை மறுபடி கட்டினாங்க. ஆனா இன்னிக்கு அங்கே கவலை வெள்ளம் இல்லை, தண்ணி எப்போ வரும்ங்கிறதுதான்.

என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான்: பங்கீட்டுக்கு முன்னாடி அளவீடு வரணும். தண்ணீர் பிரியும் இடத்தில் வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு, அழகாபுரிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? மூணு எண்ணையும் தினமும் பொதுவெளியில் போடணும். பெரிய அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் வெளியிடும் நீர்வளத்துறைக்கு இது பெரிய வேலை இல்லை. எண் கையில் இல்லாத வரைக்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வதந்திதான் பேசும்.

ரெண்டாவது, மழை குறைந்த வருஷத்துக்கு முறைப்பாசனம். கண்மாய்க்கு இத்தனை நாள், ஆற்றுக்கு இத்தனை நாள்னு எழுத்தில் இருக்கணும். கண்மாய்ப் பாசனத்தில் முறை வைக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. அதை ஆற்றுக்கும் நீட்டணும், அவ்வளவுதான்.

ஆத்தூர்த் தண்ணி மட்டும் போதாம திண்டுக்கல் நகரம் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் குடிக்குது. வடக்கே காவிரியிலிருந்து பம்ப் பண்ணி மேலே கொண்டுவர்றோம். அதே காவிரிக்குத் தானா போகவேண்டிய ஆறு வழியிலேயே வறண்டு கிடக்கு. திண்டுக்கல்காரங்க குடகனாற்றை வேடசந்தூர்க்காரங்க பிரச்னைன்னு நினைச்சா, அந்த பம்ப்புக்கான கரண்ட் செலவையாவது ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கலாம்.