கொழுந்துக்குத் தராசு உண்டு, பிறேக்குக்கு இல்லை

சில மாதங்களுக்கு முன் ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில், மாலை நிறுவை நேரத்தில் கொழுந்து மடுவத்தின் ஓரமாக நின்றிருந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெண்கள் வரிசையாக வந்தார்கள். கொழுந்துச் சாக்கு மின்னணுத் தராசில் ஏறியது, எண் திரையில் விழுந்தது. அந்த எண் அப்படியே கணினிச் செக்ரோலுக்குப் போய்விடுகிறது, இனி யாரும் கையால் எழுதத் தேவையில்லை என்று கணக்கப்பிள்ளை பெருமையோடு விளக்கினார். சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழித்தது போக, ஒரு பெண்ணுக்கு அன்றைய இலக்கில் 400 கிராம் குறைந்தது. அரைப்பேர் என்றார்கள். அவர் வாதாடவில்லை. திரையோடு யார் வாதாட முடியும்?

பிறகு கொழுந்தை ஆலைக்கு ஏற்றிச் செல்ல லொறி வந்தது. அது இறக்கத்தில் நின்றபோது பின்சக்கரம் ஒன்றில் இரும்போடு இரும்பு உரசும் ஓசை எழுந்தது. லைனிங் கடைசியாக எப்போது மாற்றியது என்று சாரதியிடம் கேட்டேன். "போன தீவாளிக்கு முந்தியோ பிந்தியோங்க ஐயா. பழைய பாஸுக்குத்தான் தெரியும். அவரு வேலைய விட்டுட்டுக் கொழும்புக்குப் போயிட்டாரு" என்றார். சாக்குகளின் மேல் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். 400 கிராம் குறைந்த அந்தப் பெண்ணும் ஏறினார்.

அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருப்பதைத்தான் எழுதுகிறேன். ஒரு தொழிலாளி பறித்த இலையைக் கிராம் கணக்கில் நினைவில் வைத்திருக்கும் மென்பொருள், அவரை ஏற்றிச் செல்லும் வண்டியின் பிறேக்கைப் பற்றி எதுவுமே அறியாது. அது தொழில்நுட்பத்தின் குறை அன்று. கேட்கப்படாத கேள்விக்கு எந்தக் கணினியும் விடை தருவதில்லை.

மலைநாட்டு வீதி விபத்துகளைச் சற்றே நினைவுகூருங்கள். 2023 சனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்து வந்த பஸ் வானொன்றிலும் முச்சக்கர வண்டியொன்றிலும் மோதியது. 7 பேர் மாண்டனர். 2025 மே 11 அன்று, வெசாக்குக்கு முதல் நாள் விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்தது. 20 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இவை தேசியச் செய்தியானவை. தோட்டத்து உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்து நால்வர் கால் முறிந்தால், உள்ளூர்ச் செய்தியாளர் அனுப்பும் நான்கு வரி கொழும்பில் இரண்டு வரியாகும். செய்தி மேசையில் இருந்து அப்படி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: சாரதி உறங்கினாரா, குடித்திருந்தாரா, வேகமாக ஓட்டினாரா? அவசியமான கேள்விகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியான, இந்த வண்டியின் பிறேக்கை யார், எந்தத் திகதியில், எதற்காகக் கழற்றிப் பார்த்தார் என்பதற்கு ஆவணத்தோடு பதில் வந்ததை என் தொழில் வாழ்வில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சாரதி கைதாகலாம், மன்றில் நிறுத்தப்படலாம், இறந்தே போயிருக்கலாம். பழுதுபார்ப்புப் பதிவேடு மட்டும் யாருடைய கைக்கும் வராது. இல்லாத ஒன்றைப் பொலிசார் எப்படிக் கைப்பற்றுவார்கள்?

மலைப் பாதையின் கணக்குத் தனி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை அதற்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே. பத்துத் தொன் எடையுள்ள பஸ் ஒன்று அந்த இறக்கம் முழுவதையும் பிறேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அதில் பிறக்கும் வெப்பம், 400 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சிறிய கியரில், இயந்திரத்தின் இழுப்பில் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் தலைபாடாகச் சொல்வது இதனால்தான். பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் புகுந்துவிடும், மிதியை அழுத்தினால் பஞ்சுபோல் அமிழும். ஆண்டில் பாதி நாள் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும் ஊரில் இதைச் சாரதியின் நினைவுக்கும் பாஸின் நினைவுக்கும் விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று என்பது சமவெளியில் ஓடும் வண்டிக்கான வாய்ப்பாடு. தோட்டத்து லொறி நாள் முழுவதும் முதலாம் இரண்டாம் கியரில் உறுமினாலும் ஓடுவது முப்பது நாற்பது கிலோமீற்றராக இருக்கலாம். தூரமானியை மட்டும் பார்ப்பவன் வண்டி ஓய்வாக இருந்தது என்றே முடிவு செய்வான். உழவு இயந்திரத்துக்கு இயந்திரம் ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பதுபோல, லொறிக்கும் பார்க்க வேண்டும். கிலோமீற்றர், மணி, நாட்கள் ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அந்த நாளில் "இன்று இந்த வண்டி வெளியே போகக் கூடாது" என்று சொல்வதுதான் வாகனப் பராமரிப்பு மென்பொருளின் முழு வேலையும். அதில் மாயம் ஒன்றும் இல்லை. வண்டி எண், செய்த வேலை, மாற்றிய உதிரிப்பாகம், கைச்சாத்திட்டவர், அடுத்த தவணை. கட்டற்ற மென்பொருளாகவே கிடைப்பவை உண்டு. அதுவும் வேண்டாமென்றால், சம்பளப் பட்டியல் போடும் அதே கணினியில் ஓர் அட்டவணைத் தாள் போதும்.

"காசு இல்லை, ஆள் இல்லை, நமது மக்களுக்குக் கணினி வராது" என்பார்கள். 2022 யூலையை மறந்துவிட்டார்களா? எரிபொருள் தட்டுப்பாட்டில் நாடு வரிசையில் நின்றபோது தேசிய எரிபொருள் அனுமதி என்று கியூஆர் குறியீட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களில் பஸ், லொறி, முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் என எல்லாம் பதிவுக்குள் வந்தன. கிழமைக்கு எத்தனை லீற்றர் அடித்தார்கள் என்பது விரல் நுனியில் இருந்தது. எழுதப் படிக்கச் சிரமப்படும் முச்சக்கர வண்டிச் சாரதியும் அந்தக் குறியீட்டை அச்சிட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தினார்கள். பெற்றோல் குறைந்தபோது எண்ணத் தெரிந்த அரசுக்கு, உயிர் போகும்போது எண்ணத் தெரியவில்லை.

ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. புகையைக் கணினியில் அளக்கிறார்கள், நல்லது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஆண்டுக்கொருமுறை தகுதிச் சான்றிதழும் உண்டு. ஆனால் அது ஒரு நாளின் புகைப்படம். அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டி, மறுநாள் கழற்றிக் கொடுத்த கதைகளை வாகனத் தொழிலில் இருக்கும் எவரிடம் கேட்டாலும் சொல்வார். மற்ற 364 நாட்களுக்கும் யார் பொறுப்பு?

1958 சனவரி 1 இல் தனியார் பஸ்களை அரசுடைமையாக்கிப் போக்குவரத்துச் சபையை அமைத்தபோது டிப்போ, வேலைத்தளம் என்று ஒரு கட்டுமானமாவது இருந்தது. அதன் ஊழலையும் நட்டத்தையும் நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆயினும் வண்டி இரவில் ஒரு கூரைக்குக் கீழ் வந்து நின்றது. 1979 இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தபின், ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருப்பவர்கள் பெருகினார்கள். அவர்களிடம் வேலைத்தளமும் இல்லை, ஏடும் இல்லை. மாலையில் எண்ண வேண்டிய நாள் வசூல் மட்டும் உண்டு. அத்தகையவர் தனியாக மென்பொருள் வாங்க மாட்டார், வாங்கவும் தேவையில்லை. வீதி அனுமதிப்பத்திரம் வழங்கும் மாகாண அதிகாரசபையே ஒரு பொதுப் பதிவை வைத்து, தவணை தவறிய பஸ்ஸின் அனுமதியை இடைநிறுத்தலாம். இதற்குப் புதிய நிறுவனமோ ஆணைக்குழுவோ எதற்கு?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 2022 இல் ரூபாய் சரிந்து உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின. பின்பு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டு வீதிகளைச் சரித்துவிட்டுப் போனது. வண்டியும் பாதையும் இந்த நிலையில் இருக்கும்போது பராமரிப்புக் கணக்கு முன்னைவிட இறுக வேண்டும். விலை ஏறியதைச் சொல்லித் தவணையைத் தள்ளிப்போடுவதே நடக்கிறது.

வண்டிகளில் கணினி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இடங்காட்டிக் கருவி பூட்டிய லொறிகளைக் கண்டிருக்கிறேன். எதற்கு என்றால், சாரதி டீசல் திருடுகிறாரா, வழியில் நிறுத்துகிறாரா என்று பார்க்க! சாரதியைக் கண்காணிக்க முதல் போடுகிறவர், தம் கடமையைப் பதிவு செய்யும் பக்கத்தை மட்டும் திறப்பதில்லை. ஆகவே மென்பொருள் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. சாரதியே "பிறேக் பிடிக்கவில்லை" என்று தமிழிலோ சிங்களத்திலோ பதிந்து, அதைப் பழுது பார்த்துக் கைச்சாத்திடும்வரை வண்டியை எந்தத் துரையும் வெளியே அனுப்ப முடியாத மென்பொருள் வேண்டும். அப்படி நிறுத்திய சாரதிக்கு அன்றைய பேர் வெட்டக் கூடாது. அந்தப் பக்கம் மடுவத்துத் திரையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்கட்டும். கம்பனிக்கு ஆகும் செலவு ஒரு மின்னணுத் தராசின் விலைகூட வராது.

போன கிழமை அந்த லொறிச் சாரதி தொலைபேசியில் பேசினார். லைனிங் மாற்றியாகிவிட்டதாம். திகதியைத் தன் பக்கக் கதவின் உட்புறத்தில் ஆணியால் கீறி வைத்திருக்கிறாராம். எண்ணெய் மாற்றியதையும் எழுத நினைத்தாராம், இடம் போதவில்லையாம்.